தானே வர்ணம் தீட்டிக்கொள்ளும் தேசப்படம்!

2010-ம் ஆண்டு, ஜனவரி மாதம் 12-ந் தேதி. மாலை மணி 4.53.

கரீபியன் கடலில் உள்ள ஹைத்தி நாட்டில் திடீரென்று பூமி குலுங்கியது. ஒரு நிமிட நேரங்கூட ஆகவில்லை. தலைநகரமான போர்ட் ஓ பிரின்ஸ் இடிந்து விழுந்தது!

ஜனாதிபதி மாளிகை நொறுங்கியது. அங்கிருந்த ஐ.நா. குழுவின் தலைமை அலுவலகம் சரிந்தது. வீடுகள் மண்மேடு ஆயின. லட்சக்கணக்கான மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

வெளிநாடுகளில் இருந்து மீட்புப் படையினர் விரைந்து வந்தார்கள். மருந்து கொண்டு வந்தார்கள். மோப்ப நாய்களைக் கொண்டு வந்தார்கள். ஆனால், ஊருக்குள் வழி காட்ட நல்ல தேசப்படம் வேண்டுமே! எந்தத் தெரு எங்கே போகிறது? ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்? வழி தேடி வீணாகும் ஒவ்வொரு நிமிடமும், இடிபாட்டுக்குள் கிடப்பவரின் உயிர் அல்லவா?

600 பேர் வரைந்த படம்

"ஓபன் ஸ்ட்ரீட் மேப்" என்று ஒரு பொதுத் தேசப்படம் இருக்கிறது. 2004-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் அதில் தங்களுக்குத் தெரிந்த தெருவைச் சேர்க்கலாம். காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

பூகம்பத்துக்கு முன்னால், அந்தப் படத்தில் போர்ட் ஓ பிரின்ஸ் நகரின் பெரிய சாலைகள் சிலதான் இருந்தன. பூகம்பத்துக்குப் பிறகு, செயற்கைக் கோள்கள் எடுத்த புகைப்படங்கள் வெளியிடப்பட்டன. பல நாட்டுத் தொண்டர்கள் தங்கள் வீட்டில் இருந்தபடியே, கம்ப்யூட்டரில் அவற்றைப் பார்த்துத் தெருத் தெருவாகக் கோடு இழுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் 600-க்கும் மேற்பட்டவர்கள் இந்தப் பணியில் சேர்ந்தார்கள்.

வர்ணம் தீட்டியது யார்?

600 பேர் வரைந்தால், படம் 600 விதமாக அல்லவா இருக்கும்? பெரிய சாலைக்கு ஒருவர் சிவப்பு தீட்டுவார். இன்னொருவர் பச்சை தீட்டுவார். பார்ப்பவர் குழம்பிப் போவார்!

அப்படி நடக்கவில்லை. காரணம், வரைந்தவர்கள் வர்ணத்தைத் தொடவே இல்லை!

அவர்கள் கோடு மட்டும் இழுத்தார்கள். "இது முதன்மைச் சாலை", "இது ஆஸ்பத்திரி" என்று சீட்டு ஒட்டுவதுபோல ஒரு குறிப்பு எழுதினார்கள். வர்ணம் தீட்டியது கம்ப்யூட்டர்.

அதற்கு முன்கூட்டியே விதிகள் எழுதி வைத்திருந்தார்கள். முதன்மைச் சாலை என்று குறிப்பு இருந்தால் சிவப்பு. இரண்டாந்தரச் சாலை என்றால் ஆரஞ்சு. யார் கோடு இழுத்தாலும் நிறம் ஒன்றுதான்.

அந்தப் பெரிய படம் சிறுசிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. புதிதாக ஒரு தெரு சேர்ந்தால், அந்தத் தெரு உள்ள சதுரங்களை மட்டும் "மாப்னிக்" என்னும் புரோகிராம் மறுபடி வரைந்தது.

அமெரிக்காவின் ஃபேர்பாக்ஸ் பகுதியில் இருந்து போன மீட்புக் குழுவினர், இந்தத் தெருக்களை வழிகாட்டும் கைக்கருவிகளில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் சென்றார்கள்.

கூடாரங்கள் எங்கே?

ஆனால் ஒரு சிக்கல் வந்தது.

வீடு இழந்த மக்கள் மைதானங்களில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். தொண்டர்கள் அந்தக் கூடாரங்களையும் படத்தில் குறித்தார்கள். இடிந்த கட்டிடங்களையும் குறித்தார்கள். இவை புதுக் குறிப்புகள். வழக்கமான விதிகளில் இவற்றுக்கு இடம் இல்லை.

விதி இல்லாத பொருளைக் கம்ப்யூட்டர் வரையாது. அந்தக் கூடாரத்தில் குழந்தைகள் பசித்திருப்பது அதற்குத் தெரியுமா?

ஆகவே ஹைத்திக்கு என்றே புது விதிகள் எழுதினார்கள். கூடாரங்களையும் இடிந்த கட்டிடங்களையும் எடுத்துக் காட்டும் தனிப் படங்கள் வெளிவந்தன. மனிதன் விதி எழுதிய பிறகுதான், யந்திரத்தின் படத்தில் அந்த மக்களுக்கு இடம் கிடைத்தது!

ஒரு சீட்டு, நூறு படம்

இன்று இந்த வேலையைச் சாதாரண மனிதர்களும் செய்யலாம். "கியூஜிஐஎஸ்" என்னும் இலவசப் புரோகிராம் இருக்கிறது. 2002-ம் ஆண்டில் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது.

அதில் தேசப்படம் பல அடுக்குகளாக இருக்கும். கண்ணாடிக் காகிதங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தது போல! ஓர் அடுக்கில் ஆறுகள். ஓர் அடுக்கில் சாலைகள். ஓர் அடுக்கில் பள்ளிக்கூடங்கள்.

நூறு ஊர்களுக்குப் படம் வேண்டும் என்றால், நூறு முறை உட்கார்ந்து வர்ணம் தீட்ட வேண்டியது இல்லை. "பைதான்" என்னும் கம்ப்யூட்டர் மொழியில் சில வரிகள் எழுதினால் போதும். "அடுக்கின் பெயர் ஆறு என்றால் நீலம் தீட்டு, சாலை என்றால் சிவப்பு தீட்டு, முடிந்ததும் அடுத்த படத்தை எடு" என்பதுதான் அதன் சாரம். இப்படிப்பட்ட கட்டளைச் சீட்டுக்கு "ஸ்கிரிப்ட்" என்று பெயர். கம்ப்யூட்டர் சலிக்காமல் அதை நிறைவேற்றும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கையால் தீட்டும்போது தவறினால் ஒரு படம் கெடும். கட்டளையில் தவறினால் நூறு படமும் கெடும்! அதனால், முதலில் ஒரு படத்தில் சோதித்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால்தான் மற்றப் படங்களுக்குப் போவார்கள்.

வர்ணம் தீட்டும் வேலையை யந்திரத்திடம் விட்டுவிடலாம். எதைக் காட்டவேண்டும் என்று நினைத்துப் பார்க்கும் வேலை மட்டும் என்றும் மனிதனுடையதே!