துப்பாக்கியைக் கொடுத்தார், குதிரை வாங்கினார், பெண் எடுத்தார்!

கல்யாணச் செலவுக்குக் கையில் காசு இல்லை. என்ன செய்வோம்? வளையலை அடகு வைப்போம். இல்லாவிட்டால் நிலத்தை விற்போம். அமெரிக்காவில் ஒரு வாலிபர், உயிருக்கு உயிராக வைத்திருந்த துப்பாக்கியையே கொடுத்துவிட்டார்! 200 ஆண்டுகள் தாண்டியும் அந்தத் துப்பாக்கி அழியாமல் இருக்கிறது.

அந்த வாலிபரின் பெயர் டேவி கிராக்கெட். 1786-ம் ஆண்டு டென்னசி காட்டுப்பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாருக்கு ஊரெல்லாம் கடன். ஒரு பண்ணைக்காரருக்கு மட்டும் 40 டாலர் பாக்கி. மகன் 6 மாதம் அந்தப் பண்ணையில் உழைத்துக் கடனைக் கழித்தார்.

அந்தக் காலத்தில்தான் அவர் கைக்கு இந்தத் துப்பாக்கி வந்தது. 1792-ம் ஆண்டு வாக்கில் பென்சில்வேனியா மாநிலத்தில் யார்க் நகரம் இருக்கும் பகுதியில் செய்தது. விசையை அழுத்தினால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும். தீப்பொறி பறக்கும். மருந்து பற்றிக்கொள்ளும். குழாயின் உள்ளே திருகு திருகாக வரி வெட்டியிருப்பார்கள். அதனால் குண்டு சுழன்றுகொண்டே குறி தப்பாமல் போகும். ஒவ்வொரு முறையும் குழாயின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்க வேண்டும். காட்டோரக் குடும்பங்களுக்கு அதுதான் காவல், அதுதான் சோறு. துப்பாக்கி இல்லாத வீட்டில் கறி வேகாது!

மாடு கிடைத்தது, மணப்பெண் போனாள்

1805-ம் ஆண்டு. கிராக்கெட்டுக்கு 19 வயது. மார்கரெட் என்ற பெண்ணுடன் கல்யாணம் பேசி, லைசென்சும் வாங்கியாகிவிட்டது. பெண் வீட்டுக்குப் புறப்பட்டவர், வழியில் துப்பாக்கி சுடும் போட்டியைப் பார்த்தார். கை சும்மா இருக்குமா? கூட்டாளியுடன் சேர்ந்து சுட்டார். ஒரு முழு மாடு பரிசு! தன் பங்கை 5 டாலருக்கு விற்றுவிட்டு உற்சாகமாக நடந்தார்.

வழியில் பெண்ணின் சித்தப்பா வீடு. அங்கே இருந்த தங்கை ஓவென்று அழுதாள். "அக்காவுக்கு நாளைக்கு வேறு ஒருத்தரோட கல்யாணம்" என்று விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை இடிந்துபோனார். சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. இதையெல்லாம் 1834-ல் வெளிவந்த சுயசரிதையில் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லியிருக்கிறார்.

மறு வருடமே பாலி பின்லே என்ற பெண்ணைச் சந்தித்தார். பொண்ணுக்குச் சம்மதம். அம்மாக்காரிக்கோ கொஞ்சமும் பிடிக்கவில்லை. "வியாழக்கிழமை குதிரையோடு வருகிறேன். தயாராக இரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் கிராக்கெட்.

சொல்லியாச்சு. குதிரைக்கு எங்கே போவது?

பண்ணைக்காரரின் மகனிடம் மலிவான குதிரை ஒன்று இருந்தது. அதற்காக 6 மாதம் உழைப்பதாகப் பேச்சு. ஆனால் சில வாரம்தான் ஆகியிருந்தது. மீதிக்கு என்ன வழி? துப்பாக்கியை எடுத்து நீட்டினார்!

1806 ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. கடைசியில் மாமியாரும் மனம் இறங்கினார்.

பேர் பெற்றார்; களத்தில் மாண்டார்

பின்னாளில் கிராக்கெட் 1827, 1829, 1833 தேர்தல்களில் வெற்றி பெற்று அமெரிக்க பாராளுமன்றத்துக்குப் போனார். விலை உயர்ந்த துப்பாக்கிகள் பரிசாகவே வந்தன. 1835-ல் தேர்தலில் தோற்றார். டெக்சாஸ் போனார். அலமோ கோட்டைச் சண்டையில் 1836 மார்ச் 6-ந் தேதி உயிரை விட்டார்.

முதல் துப்பாக்கி என்ன ஆனது? மெக்கூஸ்டியன் என்ற குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. அப்பன் மகனுக்குக் கொடுத்து, மகன் பேரனுக்குக் கொடுத்து, 100 ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் வீட்டிலேயே இருந்தது. "இது கிராக்கெட் குதிரைக்குக் கொடுத்த துப்பாக்கி" என்ற பேச்சும் கூடவே வந்தது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் இது எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்!

பிறகு வரலாற்று ஆர்வலர் ஒருவர் அதை விலைக்கு வாங்கினார். நாக்ஸ்வில் நகரில் உள்ள கிழக்கு டென்னசி வரலாற்றுக் காட்சிசாலையில் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்பட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்துப் பொருள் ஒன்று தூசி படிந்து கிடக்கலாம். எடைக்குப் போடும் முன்பு, வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குள்ளும் ஒரு கல்யாணக் கதை இருக்கலாம்!