மலை ஏறும் கால்கள் ஓடும்போது ஏன் திணறுகின்றன?

1979 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. எட்கர்டன், கார்ட்னர், ஒஹிரா, குணவர்தன, செனவிரத்ன ஆகிய ஐவர் அதை எழுதியிருந்தார்கள். இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு இரும்புச்சத்துக் கொடுத்தால் அவர்கள் பறிக்கும் கொழுந்து கூடுமா என்பது அவர்களுடைய கேள்வி. கூடியது. ஹீமோகுளோபின் எவ்வளவு குறைந்திருந்ததோ அவ்வளவுக்கு முன்னேற்றமும் பெரிதாக இருந்தது. தோட்டத்து மனிதரை அளக்கக் கொழுந்தின் நிறையைவிட வேறு தராசு அகப்படவில்லையே என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. தொழிலாளர்கள் அன்றாட வாழ்வில் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மூன்று வாரங்களுக்குப் பிறகு, வெற்று மருந்து பெற்றவர்களைவிட இரும்புச்சத்துப் பெற்றவர்கள் அதிகமாக இயங்கினார்கள். அந்த அசைவை எந்தக் கணக்கப்பிள்ளையும் தராசில் போடவில்லை. காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் தோட்டத் துரைக்கும் தொடர்பில்லாத நேரத்திலும் உடம்பில் தெம்பு கூடியிருந்தது என்பதே அதன் பொருள்.

இந்தப் பழைய ஆய்வை இப்போது எடுத்துப் பேசக் காரணம் நன்கொடை ஓட்டங்கள். நல்ல காரியம் ஒன்றுக்குப் பணம் திரட்ட ஓடுவதும் நடப்பதும் இலங்கைக்குப் புதிதல்ல. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டரை 27 நாட்களில் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக நிதி திரட்டினார்கள். 2016இல் அதே பாதையில் எதிர்த்திசையில், காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. இப்படிப்பட்ட முயற்சிகளில் மலையகத்து மக்கள் பெரும்பாலும் உதவி பெறுகிறவர்களாகவே படத்தில் வருகிறார்கள். மார்பில் எண் கட்டி ஓடுகிறவர்களாக அரிதாகவே வருகிறார்கள். ஊவாவின் பதுளை மாவட்டத்தில், பசறையிலோ லுணுகலையிலோ நமுனுகுலையிலோ ஒரு ஆசிரியையோ, கடைப் பையனோ, கொழுந்து பறிக்கும் அக்காவோ அடுத்த ஓட்டத்தில் சேர விரும்பினால் அவர்களுக்கு என்ன சொல்வது? சப்பாத்து, கால அட்டவணை, கிலோமீட்டர்க் கணக்கு என்றுதான் வழக்கமான அறிவுரை தொடங்கும். இந்த ஊரில் அதை இரத்தத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம். வயிறு எதை ஏற்கிறது, எதை ஏற்கவில்லை என்ற கேள்விக்கும் அதற்குப் பிறகே சரியான விடை கிடைக்கும்.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலீட்டர் ஒட்சிசனைச் சுமக்கும். நூறு மில்லிலீட்டர் இரத்தத்தில் 15 கிராம் இருந்தால் 20 மில்லிலீட்டர் ஒட்சிசன். 9 கிராம்தான் இருந்தால் 12. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் அதில் ஐந்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே 9 கிராம்காரருக்கும் உட்கார்ந்திருக்கையில் குறை எதுவும் தெரியாது. மெல்ல நடந்தாலும் தெரியாது. நீண்ட காலமாக இரத்தம் குறைந்தே வாழ்ந்தவரின் உடல் சில உபாயங்களையும் பழகிக்கொள்கிறது: இதயம் கூடுதல் இரத்தத்தைத் தள்ளுகிறது, சிவப்பணுக்கள் ஒட்சிசனைத் திசுக்களிடம் இலகுவாக விட்டுக்கொடுக்கின்றன. ஓடத் தொடங்கும்போதுதான் இந்த உபாயங்களின் கையிருப்பு தீர்ந்துபோகிறது. மேற்சொன்ன குழுவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், இலங்கையில் 75 பெண்களை ஓடுபட்டியில் நடக்க வைத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் குறையக் குறையத் தாக்குப்பிடிக்கும் நேரம் குறைந்தது. ஒரே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்தது. இரத்தத்தில் லக்டிக் அமிலமும் கூடுதலாகச் சேர்ந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும், அதில் நியாயமும் உண்டு. தோட்டத்துப் பெண் நாள்தோறும் சரிவில் ஏறி இறங்கி, முதுகில் கொழுந்தைச் சுமந்து பதினெட்டு, இருபது கிலோ நிறுத்துக் கொடுக்கிறாள். அவளைவிட உடல் பழகியவர் கொழும்பில் யார் இருக்கிறார்? உண்மைதான். ஆனால் மலை வேலையில் தன் வேகத்தை அவளே ஓரளவு அமைத்துக்கொள்கிறாள்: நிரையில் நின்று பறிக்கிறாள், நகர்கிறாள், மூச்சு வாங்கினால் ஒரு செடியருகே கொஞ்சம் கூடுதலாக நிற்கிறாள். ஓட்டத்தில் அந்த நிறுத்தம் கிடையாது. பழக்கம் ஒன்றை மறைக்கவும் செய்யும். இருபது வருடமாக இரத்தம் குறைந்திருந்தால் களைப்பே இயல்பாகிவிடும். அதை நோய் என்று யாரும் டிஸ்பென்சரிக்குப் போய்ச் சொல்வதில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுதும் 17.3 வீதம் என்றது. தோட்டப்புறத்தில் அது 31.7 வீதம். அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து இதே மலைகளில் ஏறுவார்கள். ஏறுவதை மட்டும் பார்த்து உடல்நலத்தை முடிவு செய்ய முடியாது.

பெண்ணுக்கு 12 கிராம், ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உயரமான இடங்களில் உடல் இயல்பாகவே கூடுதல் ஹீமோகுளோபினைச் செய்துகொள்வதால் அங்கே அந்த எல்லை சற்று மேலே போகும்; 2024இல் வெளியான வழிகாட்டல் 500 மீட்டரிலிருந்தே இந்தத் திருத்தத்தைச் செய்கிறது. பதுளை நகரமே அந்த உயரத்தைத் தாண்டியது. நமுனுகுலைச் சரிவுகளைச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை ஊரில் "பரவாயில்லை" எனப்படும் 12 இங்கே குறைவாக இருக்கலாம்.

சரி, எல்லோரும் இரும்பு மாத்திரையை விழுங்கிவிட்டு ஓட வேண்டியதுதானே? அங்கேதான் ஊவாவில் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறு இலங்கையில் பரவலாகக் காணப்படும் மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அதற்கான சிகிச்சைப் பிரிவு பதுளை வைத்தியசாலையிலேயே இயங்குகிறது. தலசீமியா மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவருக்குப் பொதுவாக நோய் இல்லை, அவர் தாராளமாக ஓடலாம். ஆனால் அவருடைய சிவப்பணுக்கள் சிறியவை, ஹீமோகுளோபினும் சற்றுக் குறையலாம். மேலோட்டமாகப் பார்த்தால் அது இரும்புக் குறைபாடு போலவே இருக்கும். இரும்பு குறையாதவருக்கு மாதக்கணக்கில் இரும்பு கொடுத்துப் பயனில்லை. தலசீமியாவின் கடுமையான வகைகளிலோ உடலில் இரும்பு மிதமிஞ்சிச் சேர்வதே ஆபத்து. எனவே விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், முழு இரத்தப் பரிசோதனையும், முடிந்தால் உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்து வைத்தியரிடம் காட்டுவது அவசியம். கொக்கிப்புழுவையும் மறக்கக் கூடாது. குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் அந்தப் புழுவுக்கெதிராக ரொக்பெல்லர் மன்றம் 1916இலேயே இலங்கைத் தோட்டங்களில் இயக்கம் நடத்தியது. பழைய எதிரி இன்று பலம் இழந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி வயிற்றுக்கு வருவோம். ஓடப் பழகும் பலர் முதல் மாதத்திலேயே வயிறு ஊதுகிறது, பிடிக்கிறது, பாதி வழியில் கழிப்பறை தேட வேண்டியிருக்கிறது என்கிறார்கள். உடனே பாலை நிறுத்து, கோதுமை மாவை நிறுத்து என்ற அறிவுரை வந்து சேரும். ஒவ்வாமையையும் ஒத்துக்கொள்ளாமையையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இறால் சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சு முட்டினால் அது ஒவ்வாமை. நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலை, உயிருக்கே ஆபத்து, அங்கே பரிசோதனை விளையாட்டுக்கு இடமில்லை. பால் குடித்தால் வயிறு பொருமுவது வேறு. பாலிலுள்ள லக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் நொதி பலருக்கு வளர்ந்த பிறகு குறைந்துவிடுகிறது. தென்னிந்திய வம்சாவளியினரிடம் இது மிகச் சாதாரணம். ஆயினும் அப்படிப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் ஒரே தடவையில் 12 கிராம் லக்டோஸைப் பெரிய தொந்தரவின்றித் தாங்குகிறார்கள் என்பது ஆய்வுகளின் பொதுவான முடிவு. முழு ஆடைப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக லக்டோஸ் உண்டு. இரண்டு கரண்டி பால்மா போட்ட ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் 12 கிராம் வருவதே கடினம். ஆக, காலையில் குடித்த அந்த ஒரு கோப்பையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் வேறு சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும்.

முக்கிய சாட்சி ஓட்டமேதான். கடுமையாக உழைக்கும்போது உடல் இரத்தத்தைத் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. குடலுக்குப் போகும் இரத்தம் ஐந்தில் நான்கு பங்கு வரைகூடக் குறையலாம். பட்டினி கிடக்கும் குடலால் செரிக்கவும் முடியாது, உறிஞ்சவும் முடியாது. நேற்றுவரை ஒத்துக்கொண்ட உணவு இன்று குமட்டும். உழைப்பு எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குக் குடலின் பங்கு குறையும். இரத்தச்சோகை உள்ளவருக்கோ மற்றவரின் மெல்லோட்டமே கடும் உழைப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் செய்யும் ஊகம் இது: "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முறையிடும் ஓட்டக்காரர்களில் ஒரு பகுதியினருக்குக் கோளாறு தட்டில் இல்லை, ஒட்சிசன் கணக்கில் இருக்கிறது. இரத்தம் தேறி, வேகமும் குறைந்தால் வயிறும் அமைதியாகும். இன்னொரு பகுதியினருக்கு இரும்பு மாத்திரையே வயிற்றைப் புரட்டும். பழி ரொட்டியின் மேல் விழும்.

கோதுமையின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர் கோதுமையைத் தொடவே கூடாது. அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்தால்தான் விடை சரியாக வரும். அந்த நோய் இல்லாத மிதிவண்டி வீரர்கள் பதின்மூன்று பேரை வைத்து 2015இல் வெளியான ஆய்வு, கோதுமைப் புரதமான குளூட்டனை நிறுத்தியதால் வேகமோ வயிற்று நிலையோ மாறவில்லை என்றது. சிலருக்குத் தொந்தரவு தருவது கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் பருப்பிலும் உள்ள, எளிதில் செரிக்காத ஒருவகை மாச்சத்து. அப்படிப் பார்த்தால், காலை ரொட்டியைவிட அதோடு தொட்டுக்கொண்ட வெங்காயச் சம்பல் சந்தேகத்துக்கு உரியது, மிளகாய்க் காரம் வேறு. நீண்ட ஓட்டத்துக்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுச் சோறோ இடியப்பமோ வாழைப்பழமோ சாப்பிட்டு, வாரத்துக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்த்துக் குறித்து வைத்தால் போதும். குடலையும் பழக்கலாம்: ஓடும்போது சிறிது சிறிதாகச் சர்க்கரை நீர் உட்கொள்ள இரண்டு வாரம் பயிற்சி செய்தவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவு குறைந்ததை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே சத்து மட்டான தட்டிலிருந்து பாலையும் பருப்பையும் ரொட்டியையும் ஒரே நாளில் தூக்கி எறிவதுதான் மிக மோசமான வழி. வசதியுள்ள நகரவாசி அவற்றுக்குப் பதிலாகப் பத்துப் பொருள் வாங்குவார். தோட்டத்து லயக் குடியிருப்பில் பதில் என்ன?

நோயைப் பொருட்படுத்தாமல் ஓடியவர்கள் இல்லையா என்று கேட்பவர்கள் டெரி ஃபொக்ஸைக் காட்டுவார்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்தக் கனடிய இளைஞர் 1980இல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். வியக்கத்தக்க மனிதர்தான். ஆனால் அவர் அதற்குமுன் ஒரு வருடத்துக்கும் மேல் பயிற்சி எடுத்தவர். இடையில் வைத்தியப் பரிசோதனைகளைத் தட்டிக்கழித்தும் வந்தார், புற்று நுரையீரலுக்குப் பரவியபோதே ஓட்டம் நின்றது. அவருடைய துணிச்சலைப் போற்றலாம், பரிசோதனையைத் தவிர்த்ததைப் பின்பற்ற வேண்டியதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும். பயிற்சி செய்யும் இடமும் உடல்நலத்தில் சேர்த்திதான்: 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்த அந்த வீதியில், ஓரமில்லாத வளைவுகளில், அதிகாலைப் பனிமூட்டத்தில் ஓடுவதைவிடப் பள்ளி மைதானத்தை முப்பது முறை சுற்றுவது சலிப்பானாலும் மேல்.

கடைசியாகத் தேத்தண்ணி. தேயிலையை உலகுக்கு ஊற்றிக் கொடுக்கும் மண்ணில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. உணவோடு குடிக்கும் கறுப்புத் தேநீர், தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைக் கடுமையாகத் தடுக்கிறது; 1999இல் வெளியான ஓர் ஆய்வில் 79 முதல் 94 வீதம் வரை. பால் சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. மாத்திரையில் உள்ளது போன்ற இரும்பு உப்புக்கும் இதே கதிதான் என்று 1975இலேயே தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். தேநீரை விடச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேர இடைவெளி விட்டால் தடை வெகுவாகக் குறைகிறது என்று 2017இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று சொல்கிறது. கீரையில் தேசிக்காய் பிழிந்தால், சோற்றோடு கொஞ்சம் நெத்தலிக் கருவாடு இருந்தால், இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். மாத்திரை குடிப்பவர்கள் ஒன்றுவிட்ட நாள் குடித்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடல் எடுத்துக்கொள்ளும் இரும்பு கூடுகிறது என்று சூரிச் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வயிற்றுக்கும் அது இதம், வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யலாம். ஓடி முடித்துச் சில மணி நேரம் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்திருக்கும் என்பதால், ஓடும் நாளில் மாத்திரையை ஓட்டத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

எல்லாம் சரி, மலையில் இடைவேளை எத்தனை தரம் கிடைக்கிறது என்று ஒருவர் கேட்டால் அது வலுவான மறுப்பு. ரொட்டியும் தேத்தண்ணிப் போத்தலும் ஒரே பையில் வருகின்றன, ஒரே இருப்பில் தீர்கின்றன. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க நேரக் கணக்கு கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையில் இல்லை. அவள் கையில் இருப்பது விடியற்காலையும் அந்தியும்தான். விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கும் தேத்தண்ணி உணவின் இரும்பைப் பறிப்பதில்லை, பெரட்டுக்குப் போகுமுன் அதைக் குடிக்கலாம். வேலை விட்டு வந்ததும் ஒரு கோப்பை குடித்தாலும் இராச்சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரமாவது இருக்கும். மலைக்குக் கொண்டுபோகும் போத்தலில் மட்டும் சுடுதண்ணீர். ஓட்டம் நடக்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்கினால் நல்லது. சிவப்பணுக்கள் தேறவும் இரும்புக் கையிருப்பு நிரம்பவும் அவ்வளவு காலம் தேவைப்படும்.