தண்டு முறிந்த வத்தை

சோளகம் எழும்பியிருந்த ஒரு பிற்பகல். மாட்டெரு மூட்டைகளையும் பதினொரு பேரையும் ஏற்றிக்கொண்டு தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த எமது சங்கத்து வத்தையில், நடுக்கடலில் பெரிய சத்தமொன்று கேட்டது. இயந்திரம் முன்னரைவிட வேகமாகச் சுழன்றது. வத்தை மட்டும் நகரவில்லை. தண்டையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். இயந்திரத்தையும் விசிறியையும் இணைக்கும் இரும்புத் தண்டு, இணைப்புத் தட்டுக்குச் சற்றுப் பின்னால் இரண்டாக முறிந்திருந்தது.

முறிந்த தண்டு பின்நோக்கி வழுக்கிச் சென்று, விசிறி சுக்கானில் முட்டியபடியால்தான் நின்றது. இன்னும் அரை முழம் போயிருந்தால் தண்டு முழுவதும் கடலுக்குள் விழுந்திருக்கும். அது இருந்த துவாரத்தால் தண்ணீர் உள்ளே பாய்ந்திருக்கும். அன்று சுக்கான் எமக்குச் செய்த உதவி இது. பாய்மரம் செய்த உதவி வேறு. "எஞ்சின் இருக்கேக்க உந்த மரம் எதுக்கு, அறுத்து விறகாக்குவம்" என்று முந்தைய ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதை வாசகர்களுள் சிலர் கேட்டிருப்பீர்கள். அந்த மரத்தில் கிழிந்த பாயை ஏற்றித்தான் பொழுதுபடுமுன் கரை சேர்ந்தார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அப்படியான கடலோடிகளின் அயலில் வாழும் நாம் பாயை இவ்வளவு இலகுவாக மறந்தது வெட்கத்துக்குரியது.

எமது சங்கத்தினர் கடற்றொழிலாளர் அல்லர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தோட்டக்காரர். குத்தகைக் காணியில் விளைந்த மரக்கறியைத் தீவுக்குக் கொண்டுபோய் விற்று, திரும்பும்போது எரு ஏற்றிவருவதற்காகப் பழைய வத்தை ஒன்றைக் கடனுக்கு வாங்கினார்கள். கடன் முடியவில்லை. வத்தை நின்றால் எருவும் நின்றுவிடும், தவணைப் பணமும் நின்றுவிடும்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் கூடினோம். வத்தையை விற்றுவிட்டு வெளியிணைப்பு இயந்திரத்துடன் பைபர் படகு வாங்குவோம் என்றனர் இளைஞர். புதுத் தண்டு போட்டு ஓடுவோம் என்றனர் மற்றவர்கள். பின்வரிசையில் இருந்த தாயொருவர் எழுந்து, "சுவாமி, போன வருசமும் புதுத் தண்டுக்கெண்டுதானே காசு கட்டினனாங்கள்? அது ஏன் ஒரு வருசம்கூட நிக்கேல்லை?" என்று கேட்டார்.

அதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. முன்னைய தண்டு தேய்ந்தபோது நகரத்துப் பட்டறை ஒன்றில் புதியதைக் கடைந்து போடுவித்தோம். சிட்டையில் கையெழுத்திட்டவர்கள் நாமே. பட்டறையாரைக் குறைகூற முடியாது. தண்டு கேட்டோம், தண்டு தந்தார்கள். பழையது ஏன் தேய்ந்தது என்று எவரும் கேட்கவில்லை.

இம்முறை ஓய்வுபெற்ற இயந்திரத் திருத்துநர் ஒருவரையும், தோணி கட்டும் ஓடாவி ஒருவரையும் அழைத்தோம். வத்தையைக் கரையேற்றி, முதலில் சுக்கானைக் கழற்றினோம். அது நின்றால் தண்டைப் பின்னால் இழுக்க இடமில்லை. விசிறியைச் சுத்தியலால் அடித்துக் கழற்றப் போன இளைஞனைத் திருத்துநர் தடுத்தார். அடித்தால் இதழ் வளையும், வளைந்த விசிறி புதுத் தண்டையும் உலுப்பும் என்றார். இழுகருவி பூட்டி மெதுவாக எடுத்தார்கள்.

பின்னர் முறிந்த முகத்தை எமக்குக் காட்டினார். பெரும்பகுதி வழுவழுப்பாக, சிப்பி ஓட்டில் உள்ளதுபோல் வளைகோடுகளுடன் இருந்தது. ஓரத்தில் சிறு பகுதி மட்டும் சொரசொரப்பு. "ஒரே அடியிலை முறிஞ்சதெண்டா முழுக்கச் சொரசொரப்பாய் இருக்கும். இது கன நாளாய் வெடிச்சு வெடிச்சு வந்தது. கடைசிக் கொஞ்சம்தான் அண்டைக்கு முறிஞ்சது." தண்டு நேர்கோட்டில் நில்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வளைந்து நிமிர்கிறது. நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் மணித்தியாலத்துக்கு 60,000 தடவை. கம்பியை மடித்து மடித்து முறிப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஏன் நேர்கோட்டில் நிற்கவில்லை? அதை ஓடாவி கண்டுபிடித்தார். இயந்திரம் அமர்ந்திருந்த மரத்தில் திருப்புளியைக் குத்தினார். இடதுபக்கப் பின்காலின் கீழ் அது கைபிடிவரை இறங்கியது. அடியில் தேங்கிய தண்ணீர் அந்த மரத்தை உக்கவைத்திருந்தது. இயந்திரம் அந்தப் பக்கமாகத் தாழ்ந்து, தண்டையும் தன்னோடு இழுத்திருந்தது. பின்முனையில் தண்டைத் தாங்கும் றப்பர்க் குழல் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்ததும் அதனால்தான். இன்னும் பத்துத் தண்டு மாற்றியிருந்தாலும் பத்தும் முறிந்திருக்கும்.

உக்கிய மரத்தை வெட்டி நீக்கி இலுப்பை மரம் பொருத்தினோம். றப்பர்க் குழலையும் மாற்றினோம். முன்னையது சாதாரண இரும்பு. இம்முறை ஸ்டெயின்லெஸ் உருக்கு. அதன் விலையைக் கேட்டுச் சிலர் முகம் சுழித்தனர், நாமும்தான். முறிந்த இரு துண்டுகளையும் பொருத்தி வைத்து நீளத்தை மூன்றுமுறை அளந்த பின்னரே வெட்டக் கொடுத்தோம்.

இனி நேர்பார்க்கும் வேலை. கியர்பெட்டியின் முகத்திலும் தண்டின் முனையிலும் ஒவ்வொரு வட்டத் தட்டு உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பொருந்த வேண்டும். போல்ற் பூட்டுமுன், தண்டின் பாரம் தொங்காதபடி தாங்கிக்கொண்டு, மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்திலும் இடைவெளியை மெல்லிய அளவுத் தகட்டால் அளப்பார்கள். நீரிறைக்கும் இயந்திரத்தின் வால்வு இடைவெளியைப் பார்க்க நீங்கள் பாவிக்கும் அதே தகடுதான். நாலு அங்குலத் தட்டுக்கு வித்தியாசம் ஆயிரத்தில் நாலு அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இயந்திரத்தின் கால் நட்டுகளைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்க வேண்டும். தண்டை அரைச்சுற்றுத் திருப்பியும் அளக்க வேண்டும். இடைவெளி தண்டோடு சேர்ந்து சுற்றினால் தண்டு வளைந்துள்ளது, அல்லது தட்டுச் சரியில்லை. நின்ற இடத்திலேயே நின்றால் இயந்திரம்தான் விலகி நிற்கிறது.

கரையில் எல்லாம் சரியாக வந்தது. போல்ற்றைப் பூட்டுவோம் என்று எல்லோரும் அவசரப்பட்டோம். திருத்துநர் விடவில்லை. வத்தையைக் கடலில் இறக்கி இரண்டு நாள் சும்மா விடச் சொன்னார். மூன்றாம் நாள் அளந்தபோது மேற்பக்கத்தில் அரை மில்லிமீற்றர் விலகல்! கரையில் கட்டைகள்மேல் இருக்கும் உடல் ஒருவிதமாகவும், தண்ணீர் தாங்கும்போது வேறுவிதமாகவும் வளைகிறது. அன்று காலை தொடங்கிய வேலை பின்னேரம்வரை சென்றது. பார்த்திருந்தவர்களுக்கு அலுப்பு, சிலர் வீட்டுக்குப் போய்விட்டனர். எம் கணிப்பில் செலவழித்த முழுப் பணத்திலும் பெறுமதியானது அந்த ஒரு நாள் கூலியே.

தண்டு உடலை விட்டு வெளியேறும் இடத்தில், கொழுப்பூட்டிய கயிறு சுற்றி நீரை மறிக்கும் 'கிளான்ட்' உண்டு. உங்கள் பழைய நீர்ப்பம்பிகளிலும் இருப்பதுதான். ஒரு துளியும் வரக்கூடாதென்று அதை இறுக்கிய ஒருவரால் கயிறு சூடேறிப் புகைந்தது. ஓடும்போது நிமிடத்துக்கு ஓரிரு துளி விழவேண்டும். அத்துளிதான் தண்டைக் குளிர்விக்கிறது. நின்றபின் ஒழுகக்கூடாது.

கிளான்டுக்கு முன்னால், உட்பக்கமாக, தண்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையமும் இறுக்கியிருக்கிறோம். மீண்டும் எங்காவது முறிந்தாலும் தண்டு வெளியே வழுக்க முடியாது. விலை அற்பம், முதல்முறை இதைப் போட எவருக்கும் தோன்றவில்லை.

வத்தை இப்போது வாரத்தில் இருமுறை போய்வருகிறது. தவணையில் நான்கு பிந்திவிட்டன, அவற்றைச் சிறிது சிறிதாகக் கட்டுகிறார்கள். கேள்வி கேட்ட அந்தத் தாய் சங்கத்தின் கணக்குக் கொப்பியில் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, தட்டின் நான்கு அளவுகளையும் திகதியோடு எழுதிவைத்திருக்கிறார். வாடை தொடங்குமுன் மறுபடி அளப்பதாகப் பேச்சு. பாயையும் தைத்தாயிற்று.