ஒளியை அளந்தவர்கள் – 9: கலங்கல் நீரும் வெள்ளைத் தட்டும்

வெளிச்சவீட்டு வில்லைகளைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் மட்டக்களப்பு வாவிக்குள் இறங்குவோம். மாரியில் படுவான்கரை வயல்களின் வெள்ளம் செம்மண்ணோடு வந்து விழும். முகத்துவாரம் திறந்தால் கடல்நீர் உள்ளே ஏறும். ஒரு கிழமைக்குள் வாவியின் நிறமே மாறிவிடும். ஒளி அடிவரை போகாவிட்டால் அங்கே புல் வளராது; அந்தப் புல்லுக்குள் ஒதுங்கும் இறால் குஞ்சுக்கும் இடமில்லை. ஆகவே, தண்ணீர் எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்பதைக் கண்மதிப்பில் விட்டுவிட முடியாது.

இதற்கு உலகம் முழுவதும் இன்றும் புழங்கும் கருவி 1865ஆம் ஆண்டுக்குரியது. ரோமில் வானியல் ஆய்வு செய்துவந்த யேசுசபைத் துறவி ஆஞ்செலோ செக்கி, பாப்பரசரின் கப்பலொன்றிலிருந்து வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். செக்கி வானத்தைப் படித்தவர். எந்த வெளிச்சம் அளவைக் கெடுக்கும் என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. சூரியன் நிற்கும் உயரம், மேகம், கப்பலின் நிழல் விழும் பக்கம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நீரின் மேற்பரப்பில் தெறிக்கும் வானத்து ஒளி கண்ணில் பட்டால் தட்டு முன்னதாகவே மறைந்துவிடும். அதனால்தான் இன்றைக்கும் தோணியின் நிழல் பக்கமாகத் தட்டை இறக்கி, மறையும் ஆழத்தையும் தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். ஏரி, வாவிகளுக்குப் பழக்கத்திலுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டு 1899இல் அமெரிக்கரான விப்பிள் செய்த திருத்தம்.

ஆழம் கிடைத்தபின் கணக்கு வருகிறது. 1929இல் பூல், அட்கின்ஸ் இருவரும் ஆங்கிலக் கால்வாயில் அளந்து, 1.7 என்ற எண்ணை அந்த ஆழத்தால் வகுத்தால் ஒளி குறையும் வேகம் கிடைக்கும் என்றார்கள். அதன்படி, தட்டு மறையும் இடத்தில் மேலே விழுந்த ஒளியில் 18 வீதம் இன்னும் மிச்சமிருக்கும். கலங்கிய கரையோர நீருக்கு 1.44தான் பொருந்தும் என்று 1970இல் ஹோம்ஸ் காட்டினார். அப்படியானால் மிச்சம் 24 வீதம். அடியில் புல் பிழைக்குமா என்று கேட்பவருக்கு இந்த இடைவெளி சின்னதல்ல. வாவிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: தெளிந்த நாட்களில், ஆழமில்லாத இடத்தில் தட்டு மறையுமுன்பே தரை தட்டிவிடும்.

கண்ணை நம்பாத கருவிகளும் வந்துவிட்டன. அவை 860 நனோமீற்றர் அகச்சிவப்பு ஒளியை நீருக்குள் செலுத்தி, துகள்களில் பட்டு 90 பாகையில் சிதறுவதை மட்டும் எண்ணும். இலைதழை ஊறிய நீரின் தேயிலைச்சாய நிறம் இந்த அகச்சிவப்பை அனேகமாகத் தொடுவதில்லை. ஆகவே நிறத்தைச் சேறென்று கருவி தவறாக எண்ணாது. வெயிலையும் இப்படித்தான் கழிக்கிறார்கள்: விளக்கை விட்டுவிட்டு எரித்து, எரியும்போது வந்த அளவிலிருந்து அணைந்தபோது வந்ததைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது விளக்கின் ஒளி மட்டும். இத்தனை நுட்பத்தையும் கெடுக்கக் கண்ணாடியில் படியும் பாசி போதும். வெப்பமான உவர்நீரில் அது வெகு சீக்கிரம் படியும். அதனால் நீருக்குள் நெடுநாள் கிடக்கும் கருவிகளில் சின்னத் துடைப்பான் ஒன்றைப் பொருத்துகிறார்கள். என்னைக் கேட்டால் முழுக் கருவியிலும் அதிகம் கவனிக்கவேண்டிய பாகம் அதுதான்.

இன்று சென்டினல்-2 செய்மதிகள் மேலிருந்தே வாவியைப் பத்து மீற்றர் கட்டங்களாகப் பார்க்கின்றன. ஆனால் நீரின்மேல் அவற்றுக்குக் கிடைக்கும் ஒளியில் பெரும்பங்கு காற்று மண்டலம் சிதறடித்தது. அதைக் கழித்த கணக்கு சரியா என்று பார்க்க, செய்மதி கடக்கும் காலை பத்தரை மணியளவில் யாராவது தோணியில் நின்று தட்டை இறக்கவேண்டும். வாவிக்குள் சேறு வந்து சேரும் மாரி மாதங்களிலோ மேகம் மூடிச் செய்மதிக்குப் பல நாட்கள் வாவியே தெரிவதில்லை. அந்த நாட்களின் அளவு தட்டிலும் நீருக்குள் கிடக்கும் கருவியிலும்தான் கிடைக்கும்.