வாட்டமும் வண்டலும்: மலையோடைகள் கல்லையும் மணலையும் கடத்தும் முறை

வீட்டுத் தளத்தில் நீர் தேங்காதிருக்கக் கொத்தனார் விடும் சிறு சாய்வை ‘வாட்டம்’ என்கிறோம். ஓடைப்படுகையின் சாய்வைக் குறிக்கவும் இச்சொல்லே ஏற்றது. ‘சரிவு’ என்பது சாய்ந்திருக்கும் நிலையையும் குறிக்கும். ‘நிலச்சரிவு’ என்பதிற்போலச் சரிந்து வீழும் நிகழ்வையும் குறிக்கும். மலையோடைகளைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்துரைப்பது இன்றியமையாதது.

ஓடும் நீர் படுகையின்மீது செலுத்தும் இழுவிசை, நீரின் ஆழத்தையும் படுகையின் வாட்டத்தையும் பெருக்கிய அளவுக்கேற்பக் கூடும். 100 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் இறங்கும் ஓடையில் அரை மீட்டர் ஆழத்திற்கு நீர் ஓடினால், ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கல் நகரத் தொடங்கும் எனக் கணக்கிடலாம். அவ்வாறாயின், அதே ஆழத்தில் 5 மீட்டர் இறங்கும் ஓடை ஐந்து மடங்கு பெரிய கல்லை நகர்த்த வேண்டும். இயற்கையில் அவ்வாறு நிகழ்வதில்லை.

காரணம் படுகையின் அமைப்பிலேயே உள்ளது. வாட்டம் நூற்றுக்கு 3 முதல் 6 வரை உள்ள ஓடைகளில் பாறாங்கற்கள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துப் படிகளாக அமைகின்றன. ஒவ்வொரு படியின் கீழும் ஒரு மடு உண்டாகிறது. படியிலிருந்து வீழும் நீரின் ஆற்றலில் பெரும்பகுதி மடுவின் சுழிப்பிலும் நுரையிலும் செலவாகிவிடும். கல்லை நகர்த்த எஞ்சுவது சிறிதே. ஆகவே, சமவெளி ஆறுகளுக்கு வகுத்த சூத்திரங்களை மலையோடைக்கு அப்படியே பொருத்தினால், கடத்தப்படும் கல், மணலின் அளவு உண்மையைவிட மிகுதியாகத் தோன்றும்.

நகராத சுமை மறைந்துவிடுவதில்லை. அது படிகளுக்குப் பின்னே ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். பெருமழையில் படிகள் உடைந்தாலோ, மலைப்பக்கம் சரிந்து ஓடையில் வீழ்ந்தாலோ, சேறும் கல்லும் மரமும் நீரோடு ஒன்றாகிப் பாயும். இதனைக் ‘கற்சேற்றுப் பெருக்கு’ எனலாம். இது மழைவெள்ளமும் அன்று. வெறும் நிலச்சரிவும் அன்று. 1996 ஆகஸ்ட் 29 அன்று பேராக் மாநிலம் கம்பாருக்கு அருகிலுள்ள போஸ் டிப்பாங் பூர்வகுடிக் குடியிருப்பைத் தாக்கியது இத்தகைய பெருக்கே. அதில் 44 பேர் மாண்டனர்.

ஓடை தன் சுமையை இறக்குமிடத்தை முடிவுசெய்வதும் வாட்டமே. மலையடிவாரத்தில் வாட்டம் குறையக் குறைய, முதலில் பாறாங்கல், அடுத்துக் கூழாங்கல், பின்னர்ச் சரளை, மணல், இறுதியில் வண்டல் எனச் சுமை வரிசையாகப் படியும். பருமனேயன்றி எடையும் இங்குக் கணக்கில் வரும். வெள்ளீயத் தாது நீரைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு கனமானது. குவார்ட்சு மணலோ மூன்று மடங்குகூட இல்லை. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஆற்றுப்படிவுகளில் வெள்ளீயத் தாது செறிந்து கிடந்தமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகும்.

ஆகவே, மலையோடையை மதிப்பிடுவோர் நீரின் அளவோடு நில்லாமல், வாட்டம் எங்கே மிகுகிறது, எங்கே திடீரெனக் குறைகிறது, படிகளுக்குப் பின்னே என்ன சேர்ந்துள்ளது என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். வாட்டம் குறையும் சமதளம் குடியிருக்க வசதியானதாகத் தோன்றும். மலை தன் சுமையை இறக்கிவைக்கும் இடமும் அதுவே. ‘சரிவுப் பகுதி’ என்னும் பொதுச்சொல் அந்தச் சமதளத்தைச் சுட்டாது. எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதுவோர் வாட்டம், நிலச்சரிவு, கற்சேற்றுப் பெருக்கு ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி ஆள்வார்களாயின், அடிவாரத்தில் வாழ்வோரும் அவ்வெச்சரிக்கை தமக்குரியது என உணர்வர்.