கையை விட்டால் நேராக வருகிறதா?

கரண்டு கார் வைத்திருப்பவர்கள் எந்தக் கோளாறு என்றாலும் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். போன வருடம் அரும்பாவூரிலிருந்து என் பட்டறைக்கு வந்த மரச்சிற்பியும் அப்படித்தான். "ஸ்டியரிங் இரும்பு மாதிரி இருக்கு தம்பி. வளைவுல திருப்பினா திருப்பினபடியே நிக்குது, நாமதான் இழுத்து நேராக்கணும். பேட்டரி வீக்கா இருக்குமோ?" என்றார். பெரம்பலூரில் வீல் அலைன்மெண்ட் பார்ப்பவன் நான். எனக்கும் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான் என்பதால் உரிமையோடு வருவார்.

அவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. கரண்டு காரில் இரண்டு பேட்டரி உண்டு. தரைக்கடியில் படுத்திருக்கும் பெரியது வண்டியை ஓட்டுகிறது. இன்னொன்று, சாதாரணக் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி. ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மோட்டார் பெரும்பாலான வண்டிகளில் இந்தச் சின்ன பேட்டரியின் லைனில்தான் இருக்கிறது. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பினால் அந்த மோட்டார் சில நொடிகளுக்கு 50 ஆம்பியர்கூட இழுக்கும். பேட்டரி சாகக் கிடந்தால் உதவி குறையும், ஸ்டியரிங் கனக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். வண்டி அணைந்திருந்தபோது 12.6, 'ரெடி' விளக்கு எரிந்ததும் 14-ஐத் தொட்டது. பேட்டரி மேல் குற்றமில்லை. டயர் காற்றும் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரியாக இருந்தது. காற்று குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும் என்பதால் அதைப் பார்க்காமல் நான் ஸ்பானரை எடுப்பதில்லை.

திருப்பிய ஸ்டியரிங் ஏன் தானாக நேராக வருகிறது என்று பலரும் யோசித்ததே இல்லை. சாமி வாகனமும் தேர்ச் சிற்பமும் செய்கிறவரிடம் தேரை வைத்தே சொன்னேன். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்தில் முட்டுக்கட்டை கொடுத்துத்தான் திருப்புவார்கள், மறுபடி நேராக்க இன்னொரு முட்டுக்கட்டை வேண்டும். காரில் அந்த இரண்டாவது கட்டையைத் தரையே போட்டுவிடுகிறது.

எப்படி என்றால், முன்சக்கரத்துக்கு மேலே ஸ்ட்ரட்டின் உச்சியில் ஒரு பேரிங் இருக்கிறது. கீழே லோயர் ஆர்மில் பால் ஜாயிண்ட். இரண்டையும் இணைத்து மனசுக்குள் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைச் சுற்றித்தான் சக்கரம் திரும்புகிறது. அது செங்குத்தாக இருக்காது, மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைத்தான் காஸ்டர் என்கிறோம். நாம் ஓட்டும் கார்களில் பெரும்பாலும் 3 முதல் 7 டிகிரி. கோட்டைக் கீழே நீட்டினால் டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். ஆகவே டயர் எப்போதும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டே வருகிறது. நாம் திருப்பிவிட்டாலும், வண்டி ஓட ஓட இழுப்புக்கு நேராக வந்துவிடப் பார்க்கும். ஸ்ட்ரட் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதும் டயர் வளைவில் பிதுங்குவதும் இதற்குத் துணை.

இதில் மோட்டாருக்கு என்ன வேலை? 1988-இல் ஜப்பானில் சுஸுகி செர்வோ காரில் முதலில் வந்த மின்சார ஸ்டியரிங்கிலிருந்து இன்று வரை அடிப்படை ஒன்றுதான். ஸ்டியரிங் தண்டில் உள்ள சென்சார் நம் கை எவ்வளவு முறுக்குகிறது என்று அளக்கிறது, அதற்குத் தக்கபடி மோட்டார் கூடத் தள்ளுகிறது. நாம் திருப்பும்போது உள்ளே எங்காவது பிடிப்பு இருந்தால் மோட்டார் அதில் பாதியை மறைத்துவிடும். கையைத் தளர்த்தியதும் சென்சாருக்கு வேலை இல்லை. அப்போது டயரின் இழுப்பு மட்டும்தான் சக்கரங்களை இடவலமாகத் தள்ளும் பல்தண்டான ராக்கையும் மோட்டாரின் பல்சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பியாக வேண்டும். இப்போதைய வண்டிகளில் நேராக்கவும் மோட்டார் சிறிது தள்ளும். ஆனால் அந்தக் கணக்கு எல்லாம் சுமுகமாக ஓடும் வண்டிக்குப் போட்டது. அதனால்தான் ஸ்டியரிங் திரும்பி வர மறுப்பதை நான் இறுக்கத்தைவிடப் பெரிய தடயமாக எடுத்துக்கொள்வேன்.

சிற்பி ஏற்கெனவே ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போய்வந்திருந்தார். அங்கே லேப்டாப்பை மாட்டிப் பார்த்து ஒரு கோளாறும் இல்லை என்றார்களாம். பிறகு எதற்கும் மோட்டாரோடு ராக்கையே மாற்றிவிடலாம் என்று ஒரு தொகை சொன்னார்களாம். அவர் மாதக்கணக்கில் உளி பிடித்தால்தான் சேரும் தொகை. லேப்டாப் பொய் சொல்லவில்லை. வயர் அறுந்தால், சென்சார் உளறினால், வோல்டேஜ் இறங்கினால் அது சொல்லும். இரும்போடு இரும்பு உரசுவதற்குப் பெரும்பாலும் எர்ரர் கோடு வராது. அதைக் கையால்தான் தடவிப் பார்க்க வேண்டும்.

ஆளில்லாத ரோட்டில் இருபது முப்பது வேகத்தில் ஓட்டி, இரண்டு பக்கமும் திருப்பிக் கையைத் தளர்த்தினேன். விரல்கள் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்க வேண்டும், பைபாஸில் யாரும் இதைச் செய்யாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை என்றால் அந்தப் பக்கத்து ஆர்ம் வளைந்திருக்கலாம், காஸ்டர் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும் கனத்தால் ஸ்டியரிங் தண்டின் கிராஸ் ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கும். இந்த வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்றது, இறுக்கமும் சுற்று முழுக்க ஒரே சீராக இருந்தது.

பட்டறைக்கு வந்து முன்பக்கத்தைத் தூக்கினோம். கரண்டு காரில் தரை முழுக்கப் பேட்டரி என்பதால் கம்பெனி குறித்த இடம் தவிர வேறெங்கும் ஜாக்கி போடக் கூடாது. ஆரஞ்சு நிற வயர் பக்கம் கையே போகக் கூடாது. பையனை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங் மேல் உள்ளங்கையை வைத்தேன். மேல் பேரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, 'டக்'கென்று விடுபட்டுக் கையில் அடிக்கும். சேற்றுத் தண்ணீரில் ஓடும் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கோளாறுதான். இங்கே ஸ்பிரிங் சுகமாகச் சுழன்றது.

அடுத்து இரண்டு பக்கமும், ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைக் கழற்றினோம். வழக்கு இங்கே இரண்டாகப் பிரிந்துவிடும். சக்கரத்தைக் கையால் திருப்பினால் இறுக்கமா, குற்றவாளி பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். சக்கரம் லேசாகத் திரும்பி ஸ்டியரிங் மட்டும் கனத்தால், ராக்கிலோ தண்டிலோ இருக்கிறது. சக்கரம் ஒரு விரலுக்கு அசைந்தது. ஸ்டியரிங் கனத்தது. தண்டை ராக்கிலிருந்து பிரித்ததும் அதுவும் லேசானது. மிச்சம் ராக்தான்.

டார்ச் அடித்துப் பார்த்தால், ராக்குக்குப் பின்னால் இருக்கும் அட்ஜஸ்டர் நட்டில் கம்பெனி போட்ட பெயின்ட் கோடு உடைந்திருந்தது, ஸ்பானர் வழுக்கிய புதுக் கீறலும் இருந்தது. "அண்ணே, முன்னாடி கடகடன்னு சத்தம் வருதுன்னு எங்கயாவது காட்டினீங்களா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, ஒரு இடத்துல முறுக்கி விட்டாங்க. சத்தம் கொறஞ்சுச்சே!"

இது கரண்டு காருக்கே உரிய தொல்லை. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் இரைச்சலில் கரைந்துபோகும் சத்தமெல்லாம் இதில் காதுக்குள் கேட்கும். சத்தத்தை நிறுத்தினால் போதும் என்று நட்டை முறுக்கிவிடுகிறார்கள். ராக்கைப் பல்சக்கரத்தோடு ஒட்டிப் பிடிக்கும் ஸ்பிரிங் அதனால் பிடரியைப் பிடித்ததுபோல் அழுத்தும். சத்தம் அடங்கும், ஸ்டியரிங்கும் அடங்கிவிடும்.

ஸ்டியரிங் பெட்டியே பழுதாக வருவதும் உண்டு. 2024 அக்டோபரில் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. உள்ளே இருக்கும் புழுப் பல்சக்கரம் உப்பி, கிரீஸ் படலம் குறைந்து, ஸ்டியரிங் ஒட்டிக்கொண்டது. அவை பெட்ரோல், ஹைப்ரிட் வண்டிகள். ஆனால் பல கரண்டு கார்களிலும் மின்சார ஸ்டியரிங்கின் அமைப்பு இதுவே. அப்படி என்றால் கம்பெனி சொல்கிறபடி பெட்டியைத்தான் சரிசெய்ய வேண்டும், நட்டில் விளையாடக் கூடாது. சில ராக்குகளில் இந்த நட்டைத் தொடவே கூடாது என்று கம்பெனி சொல்கிறது. இவருடைய வண்டியில் கையேட்டில் அளவு இருந்தது. சொன்ன டார்க் வரை முறுக்கி, சொன்ன கோணம் அளவுக்குத் திரும்பத் தளர்த்தி, லாக் நட்டைப் பூட்டினோம்.

பழைய கடகட சத்தம் உடனே திரும்பி வந்தது. அது தேய்ந்துபோன ஸ்டெபிலைசர் லிங்க், முதலிலேயே மாற்றியிருக்க வேண்டிய சில்லறைச் சாமான். அதையும் மாற்றி, அலைன்மெண்ட் பார்த்து, ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாருக்கு நேர்நிலையை ஸ்கேனரில் பதிந்தோம். இதைப் பதியாவிட்டால் மோட்டார் கோணலான இடத்தையே நடு என்று நினைத்துக்கொண்டு தள்ளும். லேப்டாப்புக்கு வேலை வந்தது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

ஓட்டிப் பார்த்துவிட்டு, வாசலில் ஊர்ந்து நுழையும்போது மட்டும் முழுசாகத் திரும்பவில்லையே என்றார். அவ்வளவு மெதுவாகப் போகையில் டயரின் இழுப்பு போதாது, எந்தக் காரும் அப்படித்தான். அதைக் கோளாறு என்று நினைத்து மறுபடி யாரிடமும் முறுக்கக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.