பழைய பாய்மரப் படகு, துருவக் கடல்: ஓர் எடைக் கணக்கு

மதுரையை அடுத்த சமயநல்லூர் வட அட்சம் சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. கிழக்குக் கிரீன்லாந்தின் காங்கர்லுசுவாக் கடற்கழி 68 டிகிரியில் இருக்கிறது. இடைவெளி 58 டிகிரி. டிகிரிக்கு 60 கடல்மைல் வீதம் 3,480 கடல்மைல், அதாவது 6,445 கிலோமீட்டர் வடக்கே. மும்பையில் இந்தியத் தச்சர்கள் தேக்கில் இழைத்த பாய்மரப் படகு ஒன்று 1991இல் அந்தக் கழிக்குள் போய்ச் சேர்ந்தது. பெயர் சுஹைலி. நீளம் 32 அடி 5 அங்குலம், அதாவது 9.88 மீட்டர். படகில் 6 பேர். படகின் வயது அப்போது 27.

1964இல் கடலில் இறக்கப்பட்ட படகு அது. வாய்ச்சியும் கயிறு இழுத்துச் சுழற்றும் தமரும்தான் கருவிகள். அதன் உரிமையாளர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து தனியாகப் புறப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். 312 நாள், 30,123 மைல். நாளுக்கு 96.5 மைல், மணிக்கு 4 மைலுக்குச் சற்று மேல். வழியில் பலகை இடுக்கில் நீர் கசிந்தது. அவர் கடலில் மூழ்கி, நீருக்கு அடியிலேயே கலப்பத்து அடித்தார். தானியங்கிச் சுக்கான் உடைந்தது, குடிநீர் கெட்டது, இயந்திரம் இறுகியது. படகின் உடல் தாங்கியது. 22 ஆண்டுக்குப் பின் அதே உடல்தான், மலையேறி கிறிஸ் பானிங்டனையும் ஏற்றிக்கொண்டு, கிரீன்லாந்துக்குப் போனது.

பழைய படகைத் துருவத்துக்குத் தயார்படுத்துவது புது யோசனை அல்ல. நார்வே துருவப் பயணி அமுண்ட்சென் 1901இல் வாங்கிய யோவா 1872இல் கட்டிய மீன்பிடிப் படகு; வயது 29. அதன் நீளம் சுமார் 21 மீட்டர். வெளிப்புறத்தில் 3 அங்குல ஓக் பலகை, முகப்பில் இரும்புப் பட்டை, 13 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் இயந்திரம் ஆகியவை சேர்ந்தன. 7 பேருடன் 1903இல் புறப்பட்ட யோவா, வடமேற்குக் கடல்வழியை முழுதும் கடந்த முதல் கலமாக 1906இல் அலாஸ்காவின் நோமை அடைந்தது. தமிழர் கட்டிய படகிலும் நெடும்பயணத்துக்குச் சான்று உண்டு. வல்வெட்டித்துறையில் 1930இல் உருவான 89 அடி அன்னபூரணி, அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் நின்றது. அப்போது வயது 8. ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து ஒரு படகைத் தள்ளிவிட முடியாது.

விலை ஆண்டுதோறும் மாறும்; எடை மாறாது. எனவே இக்கணக்கு பெரும்பாலும் கிலோவிலேயே ஓடுகிறது. அடிப்படையாக 6,200 கிலோ எடுத்துக்கொள்ளப்படுகிறது. சுஹைலியின் நினைவாக நடக்கும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 32 முதல் 36 அடி வரையுள்ள, 1988க்கு முன் வடிவமைத்த படகுகளுக்கு விதித்த குறைந்தபட்ச எடை அது. மாதிரிப் படகின் நீளம் 10 மீட்டர்; பயணம் 60 நாள்; ஆட்கள் 6.

முதல் வரவு, பனிக்கட்டியைத் தடுக்கும் கவசம். நீர்மட்டத்தை ஒட்டி 1 மீட்டர் அகலப் பட்டை, இருபுறமும் சேர்த்து 20 சதுர மீட்டர். யோவாவைப் போல 3 அங்குல (76 மி.மீ.) ஓக் பொருத்தினால் 1.52 கன மீட்டர். கன மீட்டருக்கு 720 கிலோ வீதம் 1,094 கிலோ. படகின் எடையில் 17.6 சதவீதம். 4 மி.மீ. எஃகுத் தகடானால் 628 கிலோ, 10.1 சதவீதம். 6 மி.மீ. அலுமினியமானால் 324 கிலோ, 5.2 சதவீதம். ஓக்குக்கும் அலுமினியத்துக்கும் உள்ள வித்தியாசம் 770 கிலோ. மற்றொரு நார்வே துருவப் பயணி நான்சென்னின் ஃப்ராம் கப்பலில் பக்கச் சுவரின் மொத்தத் தடிமன் 60 முதல் 70 செ.மீ. வரை இருந்தது. அது பனிக்குள் உறைந்து கிடப்பதற்கென்றே 1892இல் கட்டிய 39 மீட்டர்க் கப்பல்; 10 மீட்டர்ப் படகுக்கு அந்த வழி இல்லை. ஃப்ராமை வரைந்த காலின் ஆர்ச்சரின் மீட்புப் படகுகளே சுஹைலியின் வடிவத்துக்கு மூலம் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

மிகக் குறைந்த எடையுள்ள கவசம் வேகக் குறைப்பு. சுமையோடு 9,200 கிலோ எடையுள்ள படகு 4 நாட் வேகத்தில் பனிக்கட்டியில் மோதினால் ஆற்றல் 19.5 கிலோ ஜூல். 2 நாட் வேகத்தில் 4.9 கிலோ ஜூல். வேகம் பாதியானால் அடி கால் பங்காகிறது. இதற்கு ஆகும் செலவு நேரம் மட்டுமே. ரெய்க்யவிக்கிலிருந்து காங்கர்லுசுவாக் வரை நேர்கோட்டில் சுமார் 350 கடல்மைல். கடைசி 50 கடல்மைலை மட்டும் 4 நாட்டுக்குப் பதில் 2 நாட்டில் கடந்தால் கூடும் நேரம் 12.5 மணி.

காற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. காற்றின் வேகம் இரட்டித்தால் பாய்மரத்தின் மீதான விசை நான்கு மடங்காகும். சுஹைலியின் நகலாகக் கோவாவில் கட்டி 2017இல் இறக்கிய துரியாவில் கமாண்டர் அபிலாஷ் டோமி அடுத்த ஆண்டு பந்தயத்துக்குப் போனார். 2018 செப்டம்பர் 21 அன்று, 70 நாட் காற்றிலும் 14 மீட்டர் அலையிலும் இரு பாய்மரங்களும் போயின. மூன்று நாள் கழித்து 24ஆம் தேதி அவர் மீட்கப்பட்டார். இது நடந்த இடம் தென் அட்சம் சுமார் 39 டிகிரி. அன்டார்க்டிக் உடன்படிக்கையின் எல்லையான 60 டிகிரிக்கு இன்னும் 21 டிகிரி, அதாவது 1,260 கடல்மைல் இருந்தது. பழைய படகில் செலவிட வேண்டிய முதல் ரூபாய் பாய்மரத்துக்கும் அதைத் தாங்கும் கம்பிகளுக்கும் போக வேண்டும் என்பது என் கருத்து. பனிக்கவசம் அதற்குப் பிறகுதான்.

அடுத்த வரவு வெப்பம். 35 சதுர மீட்டர் உட்பரப்பு, 40 மி.மீ. மரப்பலகை, உள்ளும் புறமும் 20 டிகிரி வித்தியாசம் என்று கொண்டால் வெப்ப இழப்பு ஏறத்தாழ 1,590 வாட். ஒரு லிட்டர் டீசல் அடுப்பில் 8 யூனிட் வெப்பம் தரும், நாளுக்கு 4.8 லிட்டர் வேண்டும், 60 நாளுக்கு 286 லிட்டர். அதே சுவரில் 40 மி.மீ. நுரைப்பலகை ஒட்டினால் இழப்பு 443 வாட்டாகக் குறையும். 60 நாளுக்கு 80 லிட்டர் போதும். மிச்சம் 206 லிட்டர், அதாவது 173 கிலோ. நுரைப்பலகையின் எடை 49 கிலோ. இந்தக் கணக்கு முழுவதிலும், சேர்த்த எடையைவிட அதிக எடையை மிச்சப்படுத்தும் பொருள் இது ஒன்றுதான். விலை இடத்தில் இருக்கிறது: உள்ளே 1.4 கன மீட்டர் போய்விடும். மற்றொரு பயன், ஈரம். ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் நாளுக்குச் சுமார் 1 லிட்டர் நீரை வெளிவிடுகிறார். 6 பேர், 60 நாள், 360 லிட்டர். குளிர்ந்த வெறும் சுவரில் அது துளித்துளியாக ஊறிப் படுக்கையில் இறங்கும்.

டீசலில் அளவைவிடத் தரம் முக்கியம். இந்தியத் தர அளவின்படி டீசல் ஓடும் தன்மையை இழக்கும் வெப்பநிலை கோடைக் காலத்தில் 15 டிகிரி செல்சியஸ் வரையும், குளிர்காலத்தில் 3 டிகிரி வரையும் இருக்கலாம். 40 டிகிரி வெயிலடிக்கும் சமயநல்லூர் பங்க்கில் இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. கடல்நீரோ மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையும். அந்நீரில் மிதக்கும் படகின் தொட்டியில் கோடை டீசல் அந்த 15 டிகிரிக்கும் வெகு கீழே குளிர்ந்துவிடும். லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும். கனமான எண்ணெய்க்கு இடமே இல்லை. சமயநல்லூரின் 106 மெகாவாட் மின்நிலையம் எரித்த உலை எண்ணெய் வகையை 60 டிகிரிக்குத் தெற்கே கப்பல்கள் எடுத்துச் செல்லவும் 2011 ஆகஸ்ட் 1 முதல் தடை உள்ளது. இயந்திரத்தில் போவதானால் 350 கடல்மைலுக்கு 5 நாட் வேகத்தில் 70 மணி; மணிக்கு 3 லிட்டர் வீதம் 210 லிட்டர், போகவர 420. அடுப்பின் 80 லிட்டரையும் சேர்த்து 500 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 50,000 ரூபாய்.

இந்த 50,000 ரூபாயை வரியோடு ஒப்பிட வேண்டும். உல்லாசப் படகுகள் மீது 28 சதவீத ஜிஎஸ்டியும் 3 சதவீத மேல்வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். 50 லட்சம் ரூபாய்ப் படகுக்கு வரி 15.5 லட்சத்திலிருந்து 20 லட்சமாகியிருக்கிறது. கூடுதல் 4.5 லட்சம், மேலே சொன்ன முழுப் பயண எரிபொருளைப் போல 9 மடங்கு. உள்ளூரில் ஏற்கெனவே மிதக்கும் பழைய படகைச் சீரமைப்பதற்கு ஆதரவான வலுவான எண் இதுதான். தெற்கே போவதானால் 2022ஆம் ஆண்டு இந்திய அன்டார்க்டிக் சட்டத்தின்படி அனுமதியும் தேவை. அனுமதியின்றி அயல் உயிரினங்களைக் கொண்டுசென்றால் 7 ஆண்டு வரை சிறை, 10 முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அரசின் கணக்கு வேறு அளவில் நடக்கிறது. 1981 டிசம்பர் 6 அன்று 21 பேருடன் கோவாவிலிருந்து கிளம்பிய முதல் அன்டார்க்டிக் பயணம் வாடகைக்கு எடுத்த நார்வே கப்பலில், 77 நாளில் முடிந்தது. சொந்தத் துருவ ஆய்வுக் கப்பலுக்கு 2014இல் 1,051 கோடி ரூபாய் ஒப்புதலானது. அதைக் கட்டுவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனத்துக்கும் நார்வேயின் காங்ஸ்பெர்குக்கும் இடையே கையெழுத்தானது 2025 ஜூனில். இடைவெளி 11 ஆண்டு.

மாதிரிப் படகுக்குத் திரும்பினால், மிகப் பெரிய வரவு தண்ணீர். ஒருவருக்கு நாளுக்கு 3 லிட்டர் வீதம் 1,080 லிட்டர்; கடைகளில் விற்கும் 20 லிட்டர் கேனில் 54. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தாலும் முழுதாக நம்ப முடியாது. 25 டிகிரி நீரில் தரும் அளவில் பாதியைத்தான் உறைநிலைக்கு அருகில் தரும். உணவு ஒருவருக்கு நாளுக்கு 1 கிலோ வீதம் 360 கிலோ. ஆளும் உடுப்பும் தலைக்கு 90 கிலோ வீதம் 540. நங்கூரச் சங்கிலி 10 மி.மீ. தடிமனில் 100 மீட்டர், 225 கிலோ. அலுமினியக் கவசம் 324, நுரை 49, எரிபொருள் 420 கிலோ. மொத்தம் 2,998 கிலோ. படகின் எடையில் 48.4 சதவீதம்.

நீர்மட்டத்தில் 8.5 மீட்டர் நீளமும் 3.3 மீட்டர் அகலமும் உள்ள இத்தகைய படகு ஒவ்வொரு 200 கிலோவுக்கும் சுமார் 1 செ.மீ. அமிழும். 2,998 கிலோவுக்கு 15 செ.மீ. கவசப் பட்டையைப் பொருத்தும்போதே இந்த 15 செ.மீ. உயர்த்திப் பொருத்த வேண்டும். வெறும் படகின் நீர்மட்டத்தை வைத்து அளந்தால், பனிக்கட்டி உரசும் இடத்தில் கவசத்தின் மேல்பகுதி குறைந்துபோகும்.

இவை எல்லாம் கீழே அடுக்கக்கூடிய சுமைகள். அலைத்திவலை மேல்தளத்தில் உறைந்தால் அந்தச் சுமை மேலேறும். அதுதான் படகைக் கவிழ்க்கும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் நிலைப்பு விதிகள் பெரிய கப்பல்களுக்கு ஒதுக்கும் அளவு, திறந்த தளத்தில் சதுர மீட்டருக்கு 30 கிலோ, பக்கவாட்டுப் பரப்பில் 7.5 கிலோ. 20 சதுர மீட்டர்த் தளத்துக்கு 600 கிலோ, பக்கங்களின் 30 சதுர மீட்டருக்கு 225 கிலோ, ஆக 825 கிலோ. முன்னதோடு சேர்த்தால் 3,823 கிலோ, 61.7 சதவீதம். இந்த 825ஐ யாரும் ஏற்றுவதில்லை. ஒரே இரவில் தானாக ஏறும்.

ஈடு கட்டும் இடம் ஆட்களின் வரிசை. தண்ணீர், உணவு, உடல் எடை மூன்றும் சேர்ந்து ஒருவருக்கு 330 கிலோ. 6 பேருக்குப் பதில் 4 பேர் போனால் 660 கிலோ குறையும். அலுமினியக் கவசத்தைப் போல இரு மடங்கு. உறைபனிக்கு ஒதுக்கிய 825 கிலோவில் 80 சதவீதம்.